கயிறில்லாத நாய்

மாட்டுங்கா பூங்கா வாசலில் வார்டு அதிகாரி ஷாகிர் என்னை நிறுத்தினார்.

"கயிறில்லாம நாயைக் கூட்டிட்டு வரக்கூடாது. ஃபைன் கட்டுங்க."

"இது தெருநாய்ப்பா. தானா பின்னால வர்றது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க. போகச் சொல்லுங்க, பாப்போம்."

"சல், ஹட்" என்று இந்தியில் அதட்டி விரட்டினேன். அது என் காலடியில் அடக்கமாக உட்கார்ந்தது. வீட்டில்கூட யாரும் எனக்கு இப்படி அடங்கியதில்லை.

ஷாகிர் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். "பேரு?"

"வேங்கடசுப்ரமணியன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நாய் வளக்கவங்களைச் சும்மா விடக்கூடாதுன்னு ஆபீசுக்குப் பதினோரு லெட்டர் எழுதினது நீங்கதானா சார்?"

தப்பித்தேன் என்று பெருமையாகத் தலையாட்டினேன்.

"அதனாலதான் சார் எனக்கு இந்த வேலையே கிடைச்சுது" என்று நெகிழ்ந்தவர், ரசீதில் என் பெயரை ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் எழுதிக் கொடுத்தார்.