கை படாத படம்

மச்சான் விற்கவிருந்த மனையின் படம் வந்திருந்தது. புகைப்படக்காரர் அதைக் கணினியில் பெரிதாக்கி, மரம் மரமாகத் துருவிப் பார்த்தார். பின்னால் செங்குத்தான பாறைமலை, மேலே வெண்மேகம், கீழே இதமான வெளிச்சத்தில் புல்தரை.

"வானத்துக்கு ஒண்ணு, மலைக்கு ஒண்ணு, தரைக்கு ஒண்ணுன்னு தனித்தனியா எடுத்துச் சேர்த்திருந்தா, மர ஓரத்துல வெள்ளைக் கோடு தெரியும். புல்லு கண்ணைக் குத்தும். இதுல கையே படல. அச்சு அசல் இயற்கை!"

பக்கத்து மேசையில் படங்களைத் திருத்திக்கொண்டிருந்த மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். "நிஜமாவா சொல்றீங்க?"

"பின்னே? இது என்ன நீ பண்ற படம் மாதிரி சாயம் பூசின பொம்மையா? உங்கண்ணனால என்னை ஏமாத்திட முடியுமா?"

வீடு முழுக்க வெயில் விளையாட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இடத்தை நேரில் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

வேலி போடப் போனவர் காலையிலிருந்து மாலைவரை அங்கே நின்றார். மனையில் ஒரு பொட்டு வெயில் விழவில்லை. மலையின் நிழல் மொத்தத்தையும் விழுங்கியிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினார். "உங்கண்ணன் என் தலையில மிளகாய் அரைச்சுட்டான்! அந்த இருட்டை எவனோ பிசிறில்லாம வெளிச்சமாக்கிக் குடுத்திருக்கான். எமகாதகன்! எவன்னு கேட்டுச் சொல்லு!"

மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பத்து வருஷமா நான் பண்ணின ஒவ்வொரு படத்தையும் செயற்கைன்னு தூக்கிப் போட்டீங்க. இயற்கைன்னு சொன்னது இந்த ஒண்ணைத்தான்."