அண்ணிக்குப் பிடித்த படம்

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளைத் தேய்ப்பு மேஜைமேல் கோடுகளாகப் போட்டிருக்கிறது. சலவைக்கடையின் பின்னறையில் நானும் அண்ணியும் முதலாளியம்மாவும் துணி தேய்த்தபடி, பிடித்த படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறோம். ஒரு சட்டையை மடித்து வைப்பவள் ஒரு படம் சொல்ல வேண்டும். அது எங்கள் வழக்கம். அண்ணி எப்போதும்போல அந்த அடிதடிப் படத்தையே முதலில் வைக்கிறாள். "அதுல கதையும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. என்னதான்டி இருக்கு அதுல?" என்று முதலாளியம்மா சிரிக்கிறாள். அண்ணி சட்டையின் காலரை விரலால் நீவுகிறாள். "கதையெல்லாம் தெரியாதுக்கா. இவ அண்ணன் ராத்திரி ஷிப்டு முடிச்சு நேரா தியேட்டருக்கு வந்தாரு. பேரு போடறதுக்குள்ள என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டாரு. முழுப் படமும் நான் அவரத்தான் பாத்துட்டிருந்தேன்." அண்ணன் இறந்த பிறகு அவள் அவனைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி சீறி அடங்குகிறது. முதலாளியம்மாவின் குரல் தணிகிறது. "அந்தப் படத்த இங்க மறுபடி போட்டிருக்கான். சாயங்காலம் மூணு பேருமா போலாமா?" எனக்குப் போக வேண்டும் போலிருக்கிறது, அவன் தூங்கிய இருட்டில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் போலிருக்கிறது. அண்ணி அடுத்த சட்டையை உதறி விரிக்கிறாள். "நீங்க போய்ட்டு வாங்க. நான் பாத்துட்டா அது வெறும் படமாயிடும்."