பீடத்தடியில் ஒரு முட்டை

அறுப்பின் பண்டிகை ஆராதனையில் பீடத்தடியில் கால் கட்டப்பட்டுக் கிடந்தது கருங்கோழி. இனி முட்டையிடாது என்று முடிவுகட்டி எப்சிபா அதைக் காணிக்கையாகக் கொண்டுவந்திருந்தாள். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்கள். முன்வரிசையில் பிரியாணிக் கடைக்காரர் கோழியின் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலத்துக்குள்ள ஒரு முட்டை போட்டே தீருவேன்" என்றது கோழி.

"ஏட்டி, எதுக்கு இந்தப் பாடு?" என்றது பக்கத்துப் பூசணி. "நல்லதையா இங்க கொண்டாருவாவ? என் முதுகைப் பாரு, அழுகல். அதான் சுவர்ப்பக்கம் திருப்பி வச்சிருக்காவ."

கோழி பிரசங்கம் நெடுக முக்கிக்கொண்டே இருந்தது. போதகர் ஆசீர்வாதம் கூறும்போது சபையே திரும்பிப் பார்க்கும்படி கொக்கரித்தது. வெள்ளை விரிப்பில் வெதுவெதுப்பாக ஒரு முட்டை!

ஏலத்தில் பிரியாணிக் கடைக்காரரை விடாமல் மிஞ்சிக் கேட்டு, எப்சிபாவே கோழியை எடுத்தாள். "என்னா தாராள மனசு!" என்று சபை மெச்சியது.

"பொழச்சிட்டியேட்டி" என்றது பூசணி.

கோழியைக் கக்கத்தில் இடுக்கிய எப்சிபா முட்டைக்கும் கையை நீட்டினாள். "கோழி எனக்குன்னா முட்டையும் எனக்குத்தான, ஐயா?"

போதகர் வாய் திறக்குமுன் கோழி அவள் விரலில் நறுக்கென்று கொத்தியது.

"அதைத் தொடாத. அது நான் குடுத்த காணிக்கை."