பாலாடைக் கலர்

"இதுவும் இல்லைம்மா. சுவத்துல பூசிப் பார்த்தா மஞ்சளடிக்குது."

அவர் சாம்பிள் டப்பாவை மேசைமேல் வைத்தார். இந்த வாரத்தில் இது நாலாவது டப்பா. பெயின்ட் கடையில் கலர் கலக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், அவர் தலையைப் பார்த்தபோதே ஷேடு கார்டை எடுத்து விரித்து வைத்திருந்தாள்.

"எல்லாரும் அஞ்சு நிமிஷத்துல ஒரு வெள்ளையைக் கை காட்டிட்டுப் போயிடுவாங்க. நீங்க வெள்ளைக்குள்ளேயே பத்து வெள்ளை பாக்கறீங்க சார். உங்களுக்கு எந்தக் கலர்தான் வேணும்?"

"எனக்கு எதுவா இருந்தாலும் சரிம்மா. வீட்டம்மாவுக்குப் பிடிக்கணும். பாலைக் காய்ச்சி ஆற வெச்சா மேல ஆடை படியுமே, அந்தக் கலர்."

"அவங்களையே கூட்டிட்டு வந்துடுங்களேன். ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

"ஊருக்குப் போயிருக்கா." அவர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். "வர்றதுக்குள்ள அடிச்சு முடிச்சிடணும். வந்து பார்த்தா குறை சொல்லக் கூடாது."

"வீட்ல வேற யாரையாவது கேட்டீங்களா?"

"கேட்டேன்மா. டேபிள் ஃபேன்தான் இருந்துச்சு. எதைக் காட்டினாலும் வேண்டாம் வேண்டாம்னு தலையாட்டுது."

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். நேற்றுச் சாயங்காலம் இதே கடையை விட்டுப் போனதிலிருந்து அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மூன்று அறையிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துவிட்டார். எந்த அறையிலும் பொழுது போகவில்லை.

"இப்ப என்ன கலர் இருக்கு சார்?"

"சாம்பல். மூணு தடவை பெயின்ட் அடிச்சோம், மூணு தடவையும் அதேதான். எனக்குப் பிடிச்ச கலர். அவ ஒவ்வொரு தடவையும் பாலாடைக் கலர்னு கெஞ்சுவா. 'சிமெண்ட் மூட்டைக்குள்ள குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு'ம்பா. வீடு கட்டினவன் நான், நான் சொல்றதுதான் கலர்னு வாயை அடைச்சிட்டேன்."

"கலர்ல மட்டும்தானா சார்?" என்று விளையாட்டாகக் கேட்டாள்.

"இல்லைம்மா. எல்லாத்துலயும்தான்."

அவள் சட்டென்று டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்கிறவள்போல் குனிந்துகொண்டாள்.

"ஹால்ல வெயில் எப்படி வரும்?"

"காலையில ஜன்னல் வழியா உள்ளே வரும். நேரா அவ நாற்காலி வரைக்கும் வந்துட்டு, பத்து மணிக்கெல்லாம் போயிடும்."

"அதான் மஞ்சளடிக்குது. அரைத் துளி பழுப்பு சேர்த்தா அடங்கிடும், இருங்க."

மெஷின் குலுங்கி நின்றது. ஓர் அட்டைத்துண்டில் பூசி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதான்மா," என்றார். அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டார். "இதையேதான் அவ அன்னிக்குக் கேட்டா."

"அப்பாடா! போன் நம்பர் சொல்லுங்க சார். ஷேடு நம்பரை அதுல ஏத்தி வெச்சிடுவோம். நாளைக்கு எங்கேயாவது கீறல் விழுந்தாலும் அச்சு அசலா இதே கலரைக் கலந்து தரலாம்."

"அவ நம்பர்லயே போட்டுடும்மா. எப்பவும் அதுலதான் போடுவோம்."

தன் நம்பரைக் கேட்டால் போனை எடுத்துத் தேடுகிறவர், மனைவியின் நம்பரை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். அவள் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"அட, இவங்களா! போன மாசம்தானே வந்தாங்க. ஒரே ஒரு ரூமுக்குன்னு நாலு லிட்டர். நான்தான் கலக்கிக் கொடுத்தேன். மாடி ரூமுக்கா சார்?"

"எங்க வீட்ல மாடி இல்லைம்மா." அவர் திரையை எட்டிப் பார்த்தார். "என்ன கலர் வாங்கினா?"

"சாம்பல்தான். அவங்களும் உங்களை மாதிரியே நாலு நடை நடந்தாங்க. 'என் கண்ணுக்கு இது சிமெண்ட்தான்மா. ஆனா அவர் என்னிக்காவது வந்து பார்த்தா குறை சொல்லக் கூடாது'ன்னாங்க. நீங்கதான் வெளியூர்ல இருக்கீங்கன்னு நினைச்சேன்."

கோர்ட்டில் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுப் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து ஒரு நாளும் கூப்பிடாத அந்த நம்பரை, அவர் அழுத்தத் தொடங்கினார்.