தம்பியைப் போல் அல்லாமல்

"வீட்டுல அண்ணன், தம்பின்னு யாராவது இருக்காங்களா?"

"ஒரு தம்பி மேடம்."

"அப்ப அவரையும் உங்களையும் ஒப்பிட்டு இங்கிலீஷ்ல பேசுங்க. வித்தியாசத்துக்கு 'அன்லைக்', 'வேர்ஆஸ்'. ஒத்துமைக்கு 'சிமிலர்லி'. அந்தந்த இடத்துல சரியா வரணும்."

மாலை வகுப்பின் வாய்மொழித் தேர்வு அது. தேர்வு நடத்த வெளியிலிருந்து ஓர் அம்மையார் வந்திருந்தார். அவர் முன்னால் இருந்த விண்ணப்பத்தில், தொழில் வெல்டர் என்றிருந்தது. தேறினால் அடுத்த வாரமே கப்பலில் வேலை. தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"என் தம்பியைப் போல் அல்லாமல், எனக்குக் கடல் என்றாலே பயம்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தான்.

"பயமா? கப்பலுக்குப் போகப்போறது நீங்கதானே?"

"ஐயோ, மாத்திச் சொல்லிட்டேன் மேடம். பயம் அவனுக்கு."

"பதறாதீங்க. அடுத்ததைச் சொல்லுங்க."

"நான் ஓட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். அவனோ நாள் முழுக்க நெருப்போடு மல்லுக்கட்டுகிறான்."

"அப்ப வெல்டர் யாரு?"

"நான்தான் மேடம்! இதுவும் தலைகீழாப் போயிடுச்சு."

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். பாதி அழிந்த கரும்பலகையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். அதில் உதவி எதுவும் இல்லை.

"இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடா வருது. ஆள்தான் இடம் மாறி மாறி நிக்குது. எனக்கே தலை சுத்துதுங்க" என்றார் அம்மையார்.

"வீட்டுல சொல்லிப் பார்த்தப்ப சரியாத்தான் வந்துச்சு மேடம். இங்க உக்காந்ததும் நான் யாரு, அவன் யாருன்னே குழம்பிடுது."

"சரி விடுங்க. ஒத்துமையாவது ஒண்ணு சொல்லுங்க."

அவன் நிதானமாகச் சொன்னான்: "இந்த வேலை கிடைக்க வேண்டும் என்று அவன் ஏங்குகிறான். அதேபோல் நானும் ஏங்குகிறேன்."

"அப்பாடா! இதுல ஒரு குழப்பமும் இல்லை."

"அப்ப... பாஸா மேடம்?"

"உங்களுக்கு நூத்துக்கு நூறு குடுக்கலாம்" என்ற அம்மையார், மதிப்பெண் போடாமலே பேனாவை மூடினார். "கீழே டீக்கடையில அச்சு அசலா உங்க முகத்தோட ஒருத்தர் நகத்தைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறாரே, உங்க அண்ணன், அவரை மேலே வரச் சொல்லுங்க. பரீட்சை அவருக்குத்தானே?"