ஏகாம்பரம் டீச்சரின் பயணம்

கணக்கு டீச்சராக இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்றே குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரைக் கொடுத்தேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் ஏகாம்பரம் டீச்சர். கோமதி என்று கூப்பிட இங்கே ஆளில்லை.

இன்று காலை ஊரில் அப்பா போய்விட்டார். அழுதுகொண்டே பள்ளியின் விடுப்பு இயந்திரத்தின் முன் நின்றேன்.

"இறந்தவர் பெயர்?"

"ஏகாம்பரம்."

"ஆழ்ந்த இரங்கல். இன்றைய விமானத்திலேயே ஊருக்கு அனுப்பிவைக்கிறோம்."

எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன்.

விமான நிலையத்தில் என் முகத்துக்குக் கதவு திறக்கவில்லை. அதிகாரி திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் காதுக்கருவி அவர் பேச்சைத் தமிழாக்கியது.

"நீங்கள் இறந்துவிட்டீர்கள். உங்களுக்கு இருக்கை கிடையாது."

"நான் உயிரோடதானே சார் நிக்கிறேன்!"

"தெரிகிறது அம்மா. பதிவைத் திருத்த மூன்று மாதம் ஆகும்."

அதற்குள் தம்பி கூப்பிட்டுவிட்டான். "யக்கா, நீதானா பேசுற? உன் பாடிய வந்து வாங்கிக்கச் சொல்லி மெசேஜ் வந்திருக்கு! இங்க அப்பாவ எடுக்காம வச்சிருக்கோம். நீ வருவியா, மாட்டியா?"

அதிகாரியின் பின்னால் ஒரு நீளமான பெட்டி இருந்தது. அதன் மேல் அப்பாவின் பெயரை ஒட்டியிருந்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் கேட்டேன்.

"உள்ள காத்து வருமா சார்?"