ராஜபாளையத்து வாசகர்

“காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கோ இந்து. இப்படியொரு மனுசனை இனி எப்போ பாக்கப் போற?”

மகளை முன்னால் அனுப்பிவிட்டு, பை நிறையக் கொண்டுவந்த சப்பட்டை மாம்பழத்தை மேஜை மேல் வைத்தார் மாரிசெல்வம். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. இரவு ஷிப்ட் முடித்து, படுக்கக்கூடச் செய்யாமல், மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டாராம்.

எழுத்தாளர் சங்கிலிப்பாண்டிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புத்தகம் விற்கிறதோ இல்லையோ, வீடு தேடி வாசகர் வருவதில் ஒரு கிறக்கம் இருக்கத்தானே செய்கிறது!

“உக்காருங்க தம்பி. நீயும் உக்காரு பாப்பா.”

“இல்ல தாத்தா, நிக்கேன்.” பத்து வயதுதான் இருக்கும். சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

இந்தக் காலத்திலும் இப்படி மரியாதை தெரிந்த பிள்ளையா என்று சங்கிலிப்பாண்டி மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

“போன வருசம் எங்க ஊரு விழாவுல நீங்க பேசுனதைக் கேட்டேன்யா. அன்னையில இருந்து உங்க கதை ஒண்ணு விடல. அப்பன்காரன் மாட்டுக் கயித்தை எடுத்துப் பெத்த பிள்ளையவே அடிப்பானே, அதைப் படிச்சிட்டு ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல. அந்த அப்பனை நெனச்சு அழுதுட்டேன்யா.”

“அப்பனை நெனச்சா?”

“ஆமாய்யா. அவன் மனசு எம்புட்டு நொந்திருக்கும்!”

இதுவரை எல்லோரும் அடி வாங்கிய பையனுக்காகத்தான் அழுதிருந்தார்கள். அப்பனுக்காக அழுத முதல் வாசகர் இவர்தான். ஆள் மில் தொழிலாளியாக இருந்தாலும் ஆழமாகப் படிக்கிறார் என்று எழுத்தாளருக்குப் பெருமையாக இருந்தது.

“அது கதையில்ல தம்பி. அம்புட்டும் நான் வாங்குன அடி” என்றார்.

உண்மைதான். சொந்த ஊரான கான்சாபுரத்தில் அப்பாவிடம் வாங்கிய அடியைத்தான் சங்கிலிப்பாண்டி இத்தனை வருடமாகக் கதை கதையாக எழுதிக்கொண்டிருந்தார். பேர் மாறும், ஊர் மாறும், கயிறு மட்டும் மாறாது. மேடை ஏறினால் தவறாமல் ஒன்றைச் சொல்வார்: “எங்கப்பா தெனம் என்னை அடிக்கலேன்னா நான் எழுத்தாளனே ஆயிருக்க மாட்டேன்!” கைதட்டல் அடங்கச் செத்த நேரம் ஆகும்.

காபி கொண்டுவந்து வைத்த அவர் மனைவி காளீஸ்வரிக்கு மட்டும் இந்தப் பேச்சு ஆகவே ஆகாது. “ஒங்க தம்பியுந்தான அடி வாங்குனாரு, அவரு என்ன எழுதுனாரு?” என்று ஒருநாள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள்.

தம்பி கண்ணுச்சாமிக்கும் அதே அப்பா, அதே கயிறு. மீசை அரும்புகிற வயதில் பிளவக்கல் அணையில் பிணமாக மிதந்தான். அவனைப் பற்றிச் சங்கிலிப்பாண்டி ஒரு வரி எழுதியதில்லை, எந்த மேடையிலும் பேசியதுமில்லை. பேசினால், அடிதான் எழுத்தைத் தந்தது என்பது பொய்யாகிப் போகும். அது பொய் என்றால் வாங்கின அடியெல்லாம் வெறும் அடி. அதை ஒப்புக்கொள்கிற தெம்பு அவருக்கு இல்லை.

“அய்யா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன்.” மாரிசெல்வம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “மில்லு எரைச்சல்ல எனக்கு ஒரு காது போயிருச்சு. இவ அம்மாவுக்குப் பஞ்சுத் தூசியில மூச்சு எளைக்குது. இவ ஒருத்தியாவது அந்த கேட்டுக்குள்ள காலை வைக்கக் கூடாது. ஒங்கள மாதிரி எழுதிப் பேரெடுக்கணும். அதுக்காக நான் என்ன வேணாலும் செய்வேன்யா. இவளுக்கு எழுத்து வருமா வராதா, ஒங்க வாயால சொல்லிருங்க.”

தூக்கமில்லாமல் சிவந்திருந்த கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். தாடையிலும் காதோரத்திலும் பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது.

சங்கிலிப்பாண்டி தன் அப்பாவை நினைத்துக்கொண்டார். பிள்ளைக்காக இப்படி உருகுகிற ஒரு தகப்பன் தனக்கு வாய்க்கவில்லையே! வாய்த்திருந்தால் தம்பியாவது பிழைத்திருப்பான். சுவரோரம் நின்ற இந்துவைப் பார்த்தார். கொடுத்து வைத்த பிள்ளை என்று தோன்றியது.

“இப்படியொரு அப்பா இருக்கும்போது வராம எங்க போகும்? கவலைய விடுங்க தம்பி. பாப்பா இதுவரைக்கும் எழுதுனதைக் காட்டுங்க, பாத்துட்டுச் சொல்லுதேன்.”

மாரிசெல்வம் எதையும் எடுக்கவில்லை. மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கூச்சப்படாதீங்க. சின்னப் பிள்ள எழுத்து முன்னப்பின்னத்தான் இருக்கும்” என்று எழுத்தாளர் கையை நீட்டினார்.

மாரிசெல்வம் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மனம் விட்டுப் போனவராகச் சொன்னார்:

“நீங்க மேடையில சொன்னபடி தெனமும்தான் அடிக்கேன்யா, ஒரு வரி எழுத மாட்டேங்கா!”